செகுந்தோ பேசிய கசெற்

வியாழக்கிழமை காலை எலிசா கதவைத் தட்டியபோது சிறீதரன் வாய் நிறையப் பற்பசையோடு நின்றான். அவள் கையில் மேலுறை கிழிக்காத வெற்றுக் கசெற் ஒன்று இருந்தது.

"பாரா எழுந்துவிட்டாரா? செவ்வாய்க்கிழமை தந்த கசெற்றுக்குப் பிரதி எடுக்க வேண்டும். இன்று மாலை ஆறு மணிக்கு அதைக் கொலோனில் கொடுக்க வேண்டும்," என்றாள், தனக்குத் தெரிந்த டொச்சில், ஜெர்மன் மொழியில்.

பாரா என்பது பரராசசிங்கம். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகர அகதிகள் விடுதியின் மூன்றாம் மாடியில் இரட்டைக் கசெற் போடும் ரேடியோ வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அந்த ஒரு பெட்டியால் அவருக்கு மாடி முழுவதும் ஊர்த்தலைவர் விதானையாருக்குக் கிடைக்கிற மரியாதை. சிறீதரனின் அறையிலேதான் அவரும் இருந்தார். போர்வையை உதறி எழுந்து வந்து யன்னல் தட்டைத் துழாவினார்.

"தம்பி, இதில ஒரு கறுத்தக் கசெற் வைச்சனான். பேர் ஒண்டும் எழுதாதது. கண்டனீரோ?"

சிறீதரன் வாயைக் கொப்பளிக்கப் போனான். கண்டது மட்டுமா.

நேற்று மதியம் செல்வரட்ணம் கொலோனிலிருந்து காரில் வந்திருந்தார். எழுபத்தெட்டிலேயே படிக்க வந்து விசா எடுத்துவிட்ட மனிதர். தங்கையின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போகிறார். ஊருக்குத் தொலைபேசி இல்லை, கடிதம் போட்டால் யார் உடைத்து வாசிப்பார்கள் என்று தெரியாது. அந்த எண்பத்தாறாம் வருடத்தில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் மாடியே திரண்டுவிடும். "அரை மணித்தியாலம்தான் நிப்பன். குடுக்கிறவை குடுங்கோ," என்று வாசலில் நின்றபடியே சொன்னார்.

கொடுப்பது என்றால் கசெற்தான். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஒரு சினிமாப் பாட்டை முழுதாகப் பதிய வேண்டும்; அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கோ பெண்சாதிக்கோ சொல்ல வேண்டியது. வழியில் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் போட்டுப் பார்த்தால் பாட்டுத்தான் கேட்கும். நாலு நிமிடம் நின்று தமிழ்ப் பாட்டுக் கேட்கிற ஆமிக்காரன் இன்னும் பிறக்கவில்லை என்பது மாடியின் நம்பிக்கை. கசெற்றில் பெயர் எழுதக் கூடாது. அழிபடாதபடி முதுகில் துவாரம் உடைத்து வைத்த பழைய கசெற் என்றாலும் பரவாயில்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டித் துவாரத்தை அடைத்தால் மேலால் பதியலாம்.

பரராசசிங்கம் அந்த நேரம் பார்த்துச் சமூக உதவிக் கந்தோருக்குப் போயிருந்தார். சிறீதரன் கைக்கு அகப்பட்ட கறுத்தக் கசெற்றை எடுத்தான், துவாரத்தை அடைத்தான், நாலு நிமிடப் பாட்டைப் பதிந்தான், பிறகு ஒன்பது நிமிடம் அம்மாவோடு பேசினான்.

அந்த ஒன்பது நிமிடத்தில் சொன்னது இந்த நாட்டில் வேறு எவர் காதுக்கும் போகக் கூடாதது. பதினொரு மாதமாக இராணுவ முகாமில் அடைபட்டுக் கிடப்பது அவனுடைய அண்ணன். ஆனால் பிடிபட்டதும், தலைகீழாகத் தொங்கியதும், வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் கையெழுத்து வைத்ததும் தான்தான் என்று சிறீதரன் தஞ்ச விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். எழுதித் தந்தவர் அப்படித்தான் சொன்னார்: அண்ணனுக்கு நடந்ததற்குத் தம்பிக்கு விசா தரமாட்டார்கள். "அம்மா, ஆரும் விசாரிச்சால் பிடிபட்டது நான்தான் எண்டு சொல்லுங்கோ. அண்ணையைப் பற்றி வாயே திறக்காதேங்கோ," என்று கசெற்றில் இரண்டு முறை சொல்லியிருந்தான். விசாரணைக்குக் குறித்த நாள், இங்கத்தைய பேச்சில் டெர்மின், வருகிற செவ்வாய்க்கிழமை.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து தமிழில் சொன்னான்.

"அது போட்டுது அண்ணை."

"எங்க போட்டுது?"

"செல்வரட்ணத்தாற்ற பையுக்குள்ள. பழைய பாட்டுக் கசெற் எண்டு நினைச்சு நான் எடுத்துப்போட்டன்."

"எடுத்து?"

"மேலால பேசிப்போட்டன்."

பரராசசிங்கம் கட்டிலில் இருந்துவிட்டார். "விசரா உமக்கு? அது அந்த மனுசியின்ர தம்பி சிறைக்குள்ள இருந்து பேசினது. உலகத்திலயே அது ஒண்டுதான் இருக்கு. பிரதி எடுக்கத்தான் வெத்துக் கசெற் வாங்கப் போனவ."

"பாரா என்ன சொல்கிறார்?" என்று எலிசா கேட்டாள்.

எலிசாவை அந்த விடுதியில் எல்லோருக்கும் தெரியும். சிலி நாட்டின் தெற்கே, மாப்புச்சே இனத்தவள். அந்த மண்ணில் ஸ்பானியர் வருமுன்பே இருந்த சனம். நாற்பது வயதிருக்கும். அகதி அந்தஸ்து கிடைத்து, வீடு கிடைக்காததால் இன்னும் இரண்டாம் மாடியில் இருந்தாள். அவளுடைய ஊர்க் காணியை ஒரு மரக் கொம்பனி கம்பி அடித்துப் பைன் மரம் நட்டது. தம்பி செகுந்தோவும் இன்னும் நான்கு பேரும் கம்பியை வெட்டிவிட்டு உள்ளே போய் உழுதார்கள். ஏர் பிடித்தவர்களைப் பயங்கரவாதிகள் என்று சொல்லி இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். இந்த வியாழக்கிழமை மாலை கொலோனிலிருந்து வழக்கறிஞர் ஒருவர் ஜெனீவா போகிறார்; அங்கே மனித உரிமைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் கையில் சேர வேண்டியது அந்தக் கசெற்.

"கசெற் கொலோனில் ஒரு வீட்டில் இருக்கிறது. தவறிப் போய்விட்டது. எடுத்துத் தருகிறேன்," என்றான் சிறீதரன். மேலால் பேசியதைச் சொல்லவில்லை.

எலிசா அவனை ஒரு கணம் பார்த்தாள். "விண்ணப்பம் முடியும்வரை உனக்கு ஊர் எல்லை தாண்ட அனுமதி இல்லையே. விலாசம் தா, நான் போகிறேன்."

பரராசசிங்கமும் அதையேதான் தமிழில் சொன்னார். "டெர்மினுக்கு அஞ்சு நாள் கிடக்கேக்க எல்லை தாண்டிப் பிடிபடப் போறீரோ? அவவை அனுப்பும்."

"அவவுக்கு அந்தக் கதவு திறவாது அண்ணை."

அது உண்மை. செல்வரட்ணத்தின் வீடு பதிவில்லாமல் நாலு பேர் தங்குகிற வீடு. மணிப் பொத்தானில் பெயர் கிடையாது. இரண்டு குறுக்கல், ஒரு நீட்டல் என்று அடித்து, பிறகு கடிதம் போடும் துவாரத்துக்குள்ளால் தமிழில் குரல் கொடுத்தால்தான் உள்ளே அசைவு தெரியும். தெரியாத வெளிநாட்டுப் பெண் வந்து அடித்தால் மூச்சையும் அடக்கிக்கொள்வார்கள்.

"நீங்கள் போறியளோ அண்ணை?"

"நானோ? எனக்கு முதுகு நோ," என்று பரராசசிங்கம் போர்வையை இழுத்துக்கொண்டார்.

பதினொரு மணிவரை சிறீதரன் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். கசெற் போகிற வழியில் போய்விட்டால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா கேட்பாள், விசயம் முடிந்தது. திரும்பி வந்தால் அவன் குரல் ஒரு ஜெர்மன் வழக்கறிஞரின் கோப்புக்குள் போகும். மூன்றாம் முறை கீழே இறங்கியபோது எலிசா மேலங்கியோடு வாசலில் நின்றாள். கையில் இரண்டு டிக்கற் இருந்தது. எப்போது போய் வாங்கினாள் என்று தெரியவில்லை. அவன் பின்னால் நடந்தான்.

அன்று கார்னிவல் திருவிழாவுக்குக் கொலோன் நகரம் வேடம் போடத் தொடங்குகிற நாள் என்பது அவனுக்குத் தெரியாது. எஸன் நிலையத்தில் பூனைகளும் கடற்கொள்ளைக்காரர்களும் போத்தலோடு ஏறினார்கள். பெண்கள் கத்தரிக்கோலோடு திரிந்து, அன்றைய வழக்கப்படி கழுத்துப்பட்டியை வெட்டிவிட, அது கட்டிய ஆண்களைத் தேடினார்கள். பச்சைச் சீருடை போட்ட பொலிஸ்காரர் ஒருவர் நேரே சிறீதரனை நோக்கி வந்தார். கையை மேலே தூக்குவதா, சட்டைப்பையில் விடுவதா என்று புரியாமல் அரையில் நிறுத்தினான். பொலிஸ்காரர் குனிந்து அவன் கன்னத்தில் முத்தமிட்டு, சிவப்புச் சாயத்தை ஒட்டிவிட்டுப் போனார். அது ஒரு கிழவி.

எலிசா சிரித்தாள். அவள் சிரித்த அந்த நேரத்தில்தான் அவனால் சொல்ல முடிந்தது.

"எலிசா, நான் அதன்மேல் பேசிவிட்டேன். பதின்மூன்று நிமிடம். தெரியாமல்."

அவளுடைய சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் இடம் தெரியாமல் நின்றது. ரயில் டுயிஸ்பேர்க்கில் நின்றது. பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிறவள் போலச் சொன்னாள்.

"முதல் பாதி சாட்சியம். ஐந்து பேரின் பெயர். கண்ணைக் கட்டிக் கையெழுத்து வாங்கியது. அடித்த இரண்டு அதிகாரிகளின் பெயர். எங்கள் மாச்சியை, மந்திரித்து வைத்தியம் செய்கிற பெண்ணை, சிறைக்குள் விட வேண்டும், வழக்கைச் சாதாரண நீதிமன்றத்துக்கு மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை. இரண்டாம் பாதி அம்மாவுக்கு. அதை நான் யாருக்கும் கொடுக்க நினைக்கவில்லை."

"அம்மா போய்ப் பார்க்க முடியாதா?"

"ஒவ்வொரு வியாழனும் போகிறாள். இன்றும் போயிருப்பாள். சந்திப்பில் ஸ்பானிய மொழி மட்டும் பேச வேண்டும் என்பது காவலாளியின் கட்டளை. அம்மாவுக்கு அந்த மொழியில் இருபது சொல் தெரியும். ரொட்டி, மாவு, வணக்கம், எவ்வளவு. எங்கள் மொழியில் ஒரு சொல் வந்தால் சந்திப்பு முடிந்துவிடும். அதனால் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், எதிரே சும்மா இருந்துவிட்டு வருகிறாள்."

சிறீதரன் கன்னத்துச் சாயத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அது இன்னும் பரவியது.

கொலோனில் அந்த வீட்டு மணியை அடித்துக் குரல் கொடுத்தபோது மணி இரண்டு. கதவைத் திறந்தவர் தேவமலர் அக்கா, செல்வரட்ணத்தின் மனைவி. சிறீதரனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஆர் அடிச்சது?" என்றார்.

"அடிக்கேல்லை அக்கா, கொஞ்சினது."

கூடத்தில் செல்வரட்ணம் பெட்டியின்மேல் முழங்காலை ஊன்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். நாலு மணிக்குப் பிராங்பேர்ட் ரயில். விசயத்தைக் கேட்டதும் முகம் கறுத்தது. "ஐசே, முப்பத்தொரு கசெற் கிடக்கு. ஒண்டிலயும் பேர் இல்லை. எல்லாத்துக்கும் பாட்டு மட்டை போட்டு மாத்தி மாத்தி அடுக்கியிருக்கிறன்."

"நான் என்ர பாட்டைக் கேட்டால் கண்டுபிடிப்பன்."

"கண்டுபிடிப்பீரோ? இருந்து கேளும்."

கேட்டான். தேவமலர் அக்கா தன்னுடைய வோக்மனைக் கொடுத்து, சமையலறை மேசையில் கசெற்றுகளைக் கொட்டினார். எலிசாவுக்குப் பெரிய ரேடியோ. முதல் கசெற்றிலேயே சிறீதரனின் பாட்டு வந்தது. ஆனால் பாட்டு முடிந்து பேசியது வேறு யாரோ. இரண்டாவதிலும் அதே பாட்டு. ஐந்தாவதிலும். மாடி முழுவதும் பரராசசிங்கத்தின் ஒரே கசெற்றிலிருந்துதான் பாட்டு எடுத்திருந்தது. அதில் முதலாவதாக இருந்த பாட்டைத்தான் எல்லோரும் அவசரத்தில் பதிந்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் நாலு நிமிடம் ஓட்டித் தள்ள வேண்டியிருந்தது. எல்லா முதுகிலும் அதே வெள்ளித் தாள்.

எலிசாவுக்குத் தமிழ் தெரியாது. பாட்டை ஓட்டிவிட்டு, குரல் வந்ததும் காதைக் கொடுப்பாள். ஒரு கசெற்றில் ஓர் ஆண் ஒன்றுமே சொல்லாமல் நெடுநேரம் அழுதுகொண்டிருந்தான். அதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. அவன் பேசத் தொடங்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"இதென்ன, பிறத்தியாற்ற வீட்டுக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டு," என்று செல்வரட்ணம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அவவுக்கு விளங்காது, விடுங்கோ," என்றார் தேவமலர் அக்கா. "உங்களுக்குத்தான் காது நீளுது."

மூன்றே காலுக்குச் சிறீதரனின் காதுக்குள் பாட்டு முடிந்து அவனுடைய குரல் வந்தது. அம்மா, நான் சிறீ. அவன் உடனே நிறுத்தினான். தலையை நிமிர்த்தவில்லை. எதிரே எலிசா வேறொரு கசெற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

செல்வரட்ணம் அவன் முகத்தைப் படித்துவிட்டார். "அம்பிட்டுட்டுதோ?"

"ஓம்."

"பிறகேன் முழுசுறீர்?"

தணிந்த குரலில் தமிழில் சொன்னான். கசெற்றில் என்ன இருக்கிறது, செவ்வாய்க்கிழமை என்ன இருக்கிறது, எல்லாம். தேவமலர் அக்கா தேநீர்க் கோப்பையைக் கழுவுவதை நிறுத்தினார்.

செல்வரட்ணம் குனிந்து அவன் காதோடு சொன்னார்: "இஞ்ச பாரும். இதை என்ர பெட்டியுக்க போடும். கிடைக்கேல்லை எண்டு சொல்லும். அந்த மனுசிக்கு ஆர் சொல்லப் போறாங்கள்? இல்லாட்டி உம்மட பேச்சை மட்டும் அழிச்சுப்போட்டுக் குடும். ஒன்பது நிமிசம்தானே."

ஒன்பது நிமிடம் இருந்தது. நாலு மணிக்கு இன்னும் முக்கால் மணி. அழிக்க நேரம் போதும். பெரிய ரேடியோவில் போட்டுப் பதிகிற கட்டைகள் இரண்டையும் அமத்தினால் சரி. ஆனால் நேற்றும் அவன் இரண்டு கட்டையைத்தான் அமத்தினான். அடுத்த அறையில் யாராவது கூப்பிட்டு, ஒரு நிமிடம் கவனம் பிசகினால், செகுந்தோவின் மிச்சக் குரலும் போய்விடும். அந்தப் பெட்டியை நெருங்கவே அவன் கை கூசியது.

"ஏலாது அண்ணை," என்றான். சுருளைப் பதின்மூன்று நிமிடம் தள்ளி ஓட்டி, வோக்மனின் காதுக் கருவியைக் கழற்றி எலிசாவின் தலையில் மாட்டினான்.

அவள் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுடைய வலக்கை மெல்ல மேசைக்கு அடியில் போய்விட்டது. அது ஏன் என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை.

ஐந்தரைக்கு, மேளச் சத்தத்துக்கு நடுவில், தேவாலயம் ஒன்றின் பின்னறையில் வழக்கறிஞர் ஹென்ஷெல் கசெற்றை மேசையில் வைத்துக் கேட்டார். ஒல்லியான பெண்மணி, பயணப் பை நாற்காலியில் தயாராக இருந்தது. வாசலில் யாரோ வெட்டி எறிந்த கழுத்துப்பட்டித் துண்டை அவர் புத்தக அடையாளமாக வைத்திருந்தார். செகுந்தோ பேசியதில் மிஞ்சிய பகுதியை எலிசா ஒவ்வொரு வாக்கியமாக டொச்சில் சொன்னாள்.

"அம்மா, நீ வருகிற நாளில் உன் கையைப் பார்த்துத்தான் எல்லாம் தெரிந்துகொள்கிறேன். ஆட்டுக்குட்டி மூன்று என்று மூன்று விரல் காட்டினாய். போன வாரம் காவலாளி கையை மேசைக்கு அடியில் வைக்கச் சொன்னான். இனி ஆடு குட்டி போட்டாலும் எனக்குத் தெரியாது."

அந்த அதிகாரிகளின் பெயர்களை எலிசாவால் நினைவிலிருந்து சொல்ல முடிந்தது. "நீங்கள் சொல்வது வேறு, அவர் குரலில் இருப்பது வேறு," என்று ஹென்ஷெல் தலையசைத்தார். "அந்தப் பெயர்கள் போனது போனதுதான். அம்மாவுக்குப் பேசிய இந்தப் பகுதி மட்டும் சாட்சியமாக நிற்கும், கசெற்றில் வேறு யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட முடிந்தால். மேலே பேசியிருப்பது யார்?"

"நான்," என்றான் சிறீதரன்.

"எப்போது, எங்கே, ஏன் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இன்றைய தேதி, கொலோன். உங்களுக்கு இங்கே வர அனுமதி உண்டா?"

"இல்லை."

அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை, எழுதவும் இல்லை. "அந்த ஒன்பது நிமிடத்தில் என்ன இருக்கிறது? எதிர்த்தரப்பு முழுக் கசெற்றையும் கேட்கலாம். யாராவது மொழிபெயர்ப்பார்கள்."

வீட்டு விசயம் என்று சொல்லலாம். பாதி பொய்யும் ஆகாது. எலிசா அவனைப் பார்க்காமல், கசெற்றின் முதுகில் இருந்த வெள்ளித் தாளை நகத்தால் கிளறி எடுத்துக்கொண்டிருந்தாள். இனி அதன்மேல் எவரும் பேச முடியாது.

சிறீதரன் தனக்குத் தெரிந்த டொச் முழுவதையும் கூட்டிப் பெருக்கிச் சொன்னான். அடி வாங்கியது அண்ணன். எழுதிக் கொடுத்தது நான். செவ்வாய்க்கிழமை விசாரணை.

ஹென்ஷெல் நெற்றியைத் தேய்த்தார். "நான் உங்கள் வழக்கறிஞர் அல்ல. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அவர்கள் கண்டுபிடிக்குமுன் நீங்களே போய்த் திருத்துங்கள். அண்ணனின் கதையை அண்ணனுடையதாகச் சொல்லுங்கள். அது உங்களுக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது. போதாமலும் போகலாம்."

"அனுப்பிவிடுவார்களா?"

"அதுவும் நடக்கலாம்."

தாளை அவன் பக்கம் தள்ளினார். வாசித்துக் காட்டச் சொன்னான். இரண்டு முறை வாசித்துக் காட்டினார். விளங்காத இரண்டு சொல்லுக்கு அர்த்தம் கேட்டான். பிறகுதான் கையெழுத்து வைத்தான். தாளைத் திருப்பித் தள்ளினான். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து சட்டைப்பையில் குத்திக்கொண்டான்.

திரும்பும் ரயிலில் இடம் இருந்தது. வேடக்காரர்கள் எல்லாம் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். எலிசா செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எட்டரை என்றான். தானும் வாசல்வரை வருவதாகச் சொன்னாள்.

அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அதிகாரிக்குச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தான். என் அண்ணன் பெயர் உருத்திரமூர்த்தி. என் அண்ணன் பெயர் உருத்திரமூர்த்தி. பிடித்த நாள், அடித்த விதம், கையெழுத்து வாங்கிய தாள், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். விடுதலையாகி வந்த ஒருவர் அம்மாவிடம் சொன்னதை ஆறு மாதமாகத் தன் கதையாக உருப்போட்டவன் அல்லவா.

"உன் அம்மா அவரைப் போய்ப் பார்க்கிறாளா?" என்று எலிசா கேட்டாள்.

"இரண்டு முறை. பஸ்ஸில், இரண்டு நாள் பயணம்."

"உங்கள் மொழியில் பேச விடுகிறார்களா?"

சிறீதரனுக்கு எத்தனை அடி என்று தெரியும், எந்தக் காலில் என்று தெரியும். இதைக் கேட்க அவனுக்குத் தோன்றியதே இல்லை. அம்மா அங்கே போய் அண்ணனோடு என்ன பேசினாள், பேசினாளா, எதிரே சும்மா இருந்துவிட்டு வந்தாளா, ஒன்றும் தெரியாது.

"தெரியாது," என்றான்.

சட்டைப்பையில் தட்டுப்பட்ட பேனாவை எடுத்து, டிக்கற்றின் பின்பக்கத்தில், அண்ணனோடு தமிழில் பேச விட்டார்களா என்று கேட்டு அம்மாவுக்கு ஒரு வரி எழுதத் தொடங்கினான்.